சி.எஸ். பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

(சமூக ஊடகத் துறை மாவட்டப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். நேரம் ஒதுக்கிப் படிங்க, பிடிச்சிருந்தா பகிருங்க.)



எனக்குக் கொடுத்த தலைப்பு "இந்திய வேளாண்மையும் காங்கிரசும்". தலைப்பு பெருசு, கொடுத்த நேரம் இருபது நிமிஷம். அதனால ஒரே ஒரு மனிதரை மட்டும் எடுத்துக்கிறேன். சி.சுப்பிரமணியம் அவர்கள். சி.எஸ்.

2010-ல் அவருடைய நூற்றாண்டுக்கு ஐந்து ரூபாய் நாணயம் வந்தது. உங்க வீட்டு உண்டியல்ல ஒண்ணு கிடந்தாலும் கிடக்கும். ஆனா அதுல இருக்கிற முகம் யாருன்னு நம்ம வயசுப் பசங்ககிட்ட கேட்டா, பாதிப் பேர் பாரதியார்னு சொல்லுவாங்க. பேரில் சுப்பிரமணியம் இருக்கே!

இன்னைக்கு இவரைப் பேச ஒரு காரணம் இருக்கு. சி.எஸ். பிறந்தநாளுக்கோ நினைவுநாளுக்கோ ஒரு பதிவு போட்டோம்னா, கீழே மூணு வகை கமெண்ட் வரும். "1965-ல் தமிழனைச் சுட்ட கட்சிதானே" என்பது ஒண்ணு. "பசுமைப் புரட்சின்னு சொல்லி மண்ணைக் கெடுத்தவர்" என்பது இன்னொண்ணு. கொஞ்சம் படிச்சவங்க "குலக்கல்வி அமைச்சர்" என்பாங்க. நம்ம ஆளுங்க என்ன செய்றாங்க? பிளாக் பண்றாங்க, இல்லைன்னா திட்டுறாங்க. ரெண்டுமே வேண்டாம். மூணுக்கும் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கு.

முதல்ல ஆள் யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1910 ஜனவரி 30, பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையம். விவசாயக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், அப்புறம் சட்டம். 1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1952-லிருந்து 1962 வரை பத்து வருஷம் சென்னை மாநில அமைச்சர்.

குலக்கல்விக் கதை இந்தப் பத்து வருஷத்துக்குள்ளதான் வருது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை, கல்வி அமைச்சரா இருந்து சி.எஸ். ஆதரித்துப் பேசினார். உண்மைதான், மறைக்க வேண்டாம். எதிர்ப்பு வெடிச்சது, ராஜாஜி பதவி விலகினார். 1954-ல் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் பெருந்தலைவர் காமராஜரை எதிர்த்து நின்றவரும் சி.எஸ்.தான். காமராஜருக்கு 93 ஓட்டு, சி.எஸ்.க்கு 41.

இன்னைக்கு ஒரு கட்சியில் இப்படி நடந்தா தோத்தவர் மறுநாள் எங்க இருப்பார்னு யோசிச்சுப் பாருங்க. காமராஜர் தன்னை எதிர்த்து நின்றவரையும், அவர் பேரை முன்மொழிந்த பக்தவத்சலம் அவர்களையும் கூப்பிட்டுத் தன் அமைச்சரவையில் உட்கார வைத்தார். அந்தக் கல்வித் திட்டத்தைக் கைவிடுகிறோம் என்று அறிவித்ததும் அதே கல்வி அமைச்சர் சி.எஸ்.தான். மதிய உணவுத் திட்டமும், ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் நடந்தபோது கல்வியும் நிதியும் அவர் கையில்தான். "குலக்கல்வி"ன்னு கமெண்ட் வந்தா கதையை 1953-லேயே நிறுத்த விடாதீங்க. 1954-யும் சேர்த்து எழுதுங்க.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

1962-ல் பொள்ளாச்சி எம்.பி. நேரு அமைச்சரவையில் எஃகுத் துறை. 1964-ல் நேரு மறைந்து லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது, சி.எஸ்.க்கு உணவு, வேளாண்மைத் துறை வருது. அந்தக் காலத்தில் டெல்லியில் எந்த அரசியல்வாதியும் விரும்பி வாங்காத துறை. பஞ்சம் வந்தா பழி, விலை ஏறினா பழி.

நிலைமை எப்படின்னா, அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலா கோதுமை வந்து இறங்கினாத்தான் நம்ம ரேஷன் கடை திறக்கும். பிரதமர் சாஸ்திரியே திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கன்னு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட காலம். 1964-65-ல் 8 கோடியே 90 லட்சம் டன்னா இருந்த உணவு தானிய உற்பத்தி, மறுவருஷ வறட்சியில் 7 கோடியே 20 லட்சம் டன்னுக்கு விழுந்தது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் இறக்குமதி. அமெரிக்க அதிபர் ஜான்சன் மொத்தமா அனுப்பாம, மாசாமாசம் அளந்து விட்டார். வியட்நாம் போரைப் பத்தி இந்தியா வாயைத் திறந்தா கப்பல் தாமதமாகும்.

சோத்துக்குக் கையேந்தினா வெளியுறவுக் கொள்கையும் சேர்ந்து கையேந்தும் என்று சி.எஸ்.க்குப் புரிந்தது. அவர் எங்கிருந்து ஆரம்பிச்சார் என்பதைக் கவனிங்க. விதையிலிருந்து இல்லை. விலையிலிருந்து.

விவசாயி ஏன் அதிகம் விளைவிக்கலை? நல்லா விளைஞ்சா விலை விழுந்துடும். போட்ட காசு வராது. அப்புறம் எந்தத் தைரியத்தில் உரம் வாங்குவான், புது ரகம் போடுவான்? அதனால முதல்ல விலைக்கு ஒரு தரை போடணும். 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம். அதே மாசம், பொங்கல் சமயத்தில், இந்திய உணவுக் கழகம். எஃப்.சி.ஐ.யின் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது பஞ்சாபில் இல்லை, நம்ம தஞ்சாவூரில். ஒருத்தர் விலை சொல்லணும், இன்னொருத்தர் அந்த விலைக்கு வாங்கிக்கணும். இன்னைக்கு எல்லாரும் பேசுற குறைந்தபட்ச ஆதரவு விலை, எம்.எஸ்.பி., இங்கேதான் முளைச்சது. அதே 1965-ல்தான் குரியன் தலைமையில் தேசிய பால்வள வாரியமும்.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். எங்க பாஷையில் இதுக்கு சிஸ்டம் டிசைன்னு பேரு. பிஎஸ்.சி. இயற்பியல் படிச்ச ஒரு பொள்ளாச்சி விவசாயி மகன் அதைச் செஞ்சிருக்கார்.

அப்புறம்தான் விதை. நம்ம பழைய கோதுமை உயரமா வளரும். உரம் கூடுதலாப் போட்டா கதிர் கனத்து, தண்டு தாங்காம சாய்ஞ்சுடும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கின குட்டை ரகம் சாயாது. உரத்தையும் தண்ணியையும் முழுசா கதிரா மாத்தும். நம்ம கும்பகோணத்துக்காரர் எம்.எஸ்.சுவாமிநாதன் டெல்லியில் அதைச் சோதிச்சுப் பார்த்து, இது நம்ம மண்ணுல ஆகும்னு சொல்லிக்கிட்டிருந்தார். கேட்க ஒரு அமைச்சர் வேணுமில்லையா? சி.எஸ். கேட்டார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரலை. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அவரும் தமிழ்நாடு, அவரும் காங்கிரஸ், அந்நியச் செலாவணிக்கு எங்கே போவதுன்னு கேட்டார். திட்டக் கமிஷன் பொருளாதார நிபுணர்கள் சந்தேகப்பட்டாங்க. இடதுசாரிகள் அமெரிக்காவுக்கு அடமானம்னாங்க. அத்தனை பேரையும் தாண்டி 1965-ல் 250 டன் விதை. 1966-ல் 18,000 டன். அதுவரைக்கும் உலகத்தில் எந்த நாடும் ஒரே தடவையில் அவ்வளவு விதை வாங்கினதில்லை. டெல்லியில் தனக்குக் கொடுத்த பங்களாவின் புல்வெளியை உழுது, அதுல அந்தக் கோதுமையை விதைச்சுக் காட்டினார் அமைச்சர். ரீல்ஸ் போட அப்போ யாரும் இல்லை. இருந்திருந்தா அந்த ஒரு வீடியோ போதும்.

1968 அறுவடை. அதுக்கு முந்தைய உச்சம் சுமார் 1 கோடியே 20 லட்சம் டன் கோதுமை. அந்த வருஷம் 1 கோடியே 65 லட்சம் டன். கொட்டி வைக்க இடமில்லாம வட மாநிலங்களில் பள்ளிக்கூடங்களை மூடி வகுப்பறையில் மூட்டை அடுக்கினாங்க. அன்னை இந்திரா "கோதுமைப் புரட்சி"ன்னு தபால்தலை வெளியிட்டாங்க.

அந்த அறுவடை நடந்தப்போ சி.எஸ். அமைச்சர் இல்லை. எம்.பி.யும் இல்லை. 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோத்துப் போயிருந்தார். நாட்டுக்கே சோறு போட வழி செய்த உணவு அமைச்சர், அரிசித் தட்டுப்பாடு பிரச்சாரமான தேர்தலில் தோத்தார். தமிழ்நாட்டு 39 தொகுதியில் காங்கிரசுக்கு 3. விருதுநகரில் காமராஜரே தோத்த தேர்தல் அது. விதைச்ச வேகத்தில் அறுவடை வராதுங்க. தேர்தல் அதுக்கு முன்னாடியே வந்துடும்.

சரி, 1965.

இதை நாம பேச ரொம்பத் தயங்குறோம். தயங்கினா மத்தவங்க பேசுவாங்க. அந்த ஜனவரி 26-லிருந்து இந்தி ஆட்சிமொழி என்ற நிலை. மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க, தீக்குளிச்சாங்க, போலீஸ் சுட்டது. மாநிலத்திலும் நம்ம ஆட்சி, மத்தியிலும் நம்ம ஆட்சி. உயிர்கள் போனது உண்மை. "அதெல்லாம் சும்மா"ன்னு எந்தக் காங்கிரஸ்காரனும் கமெண்டில் எழுதக் கூடாது. செத்தவங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்க.

ஆனா அதே கட்சிக்குள்ளேயிருந்து பிப்ரவரி 11-ஆம் தேதி ரெண்டு பேர் மத்திய அமைச்சர் பதவியைத் தூக்கி வச்சாங்க. சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும். நேரு கொடுத்த வாக்குறுதிக்கு, அதாவது இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்பதற்கு, சட்டப் பாதுகாப்பு வேணும்னு கேட்டாங்க. எப்படிப்பட்ட நேரம் பாருங்க. எஃப்.சி.ஐ. திறந்து ஒரு மாசம்கூட ஆகலை. விலை ஆணையம் அப்போதான் வந்திருக்கு. விதை வாங்குற சண்டை பாதியில் நிக்குது. அந்தத் துறையை விட்டா அத்தனையும் போயிடும்னு தெரிஞ்சும் ராஜினாமா கொடுத்தார்.

சாஸ்திரி கடிதங்களைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். டாக்டர் ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்துட்டார். அன்னைக்கு ராத்திரியே சாஸ்திரி வானொலியில் பேசி நேருவின் வாக்குறுதி காக்கப்படும்னு உறுதி சொன்னார். மறுநாளே, பிப்ரவரி 12, சி.எஸ். எம்.பி.யா இருந்த அதே பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. ராஜினாமா அதைத் தடுக்கலை. இதையும் சொல்லித்தான் ஆகணும். ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. வாக்குறுதி சட்டமானது 1967 டிசம்பரில், இந்திரா காந்தி ஆட்சியில்.

மாணவர் போராட்டம் இல்லாம அந்த உறுதிமொழி வந்திருக்குமா? வந்திருக்காது. அமைச்சரவைக்குள்ளேயே ரெண்டு நாற்காலி காலியாகும்னு ஆகாம அதே நாளில் வந்திருக்குமா? அதுவும் சந்தேகம்தான். முதல் பாதியை மத்தவங்க நல்லாவே சொல்றாங்க. ரெண்டாவது பாதியைச் சொல்ல வேண்டியது நம்ம வேலை.

மண் கெட்டுப்போச்சு என்ற கமெண்டுக்கு வர்றேன். இயற்கை விவசாயம் பேசுற நண்பர்கள் பெரும்பாலும் நல்லவங்க, அவங்களோட சண்டை போடாதீங்க. பஞ்சாபில் நிலத்தடி நீர் இறங்கினது உண்மை. யூரியாவை அள்ளிக் கொட்டினது உண்மை. பாரம்பரிய ரகங்கள் பல போனதும் உண்மை. இந்த ஆபத்தை 1968-லேயே எச்சரிச்சவர் அதே சுவாமிநாதன்தான். ஆனா 1966-ல் பீகார் வறண்டு கிடந்தப்போ அந்த அமைச்சர் இடத்தில் நீங்க இருந்தா என்ன செய்வீங்கன்னு மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க. பசி தீர்ந்தபிறகு வழியை மாத்தாம அதே பாதையில் ஐம்பது வருஷம் ஓட்டினது பின்னால் வந்தவங்க குறை. அதுல நம்ம ஆட்சிகளுக்கும் பங்கு உண்டு, வேற ஆட்சிகளுக்கும் உண்டு.

2020-21-ல் டெல்லி எல்லையில் குளிரில் ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகள் என்ன கேட்டாங்க? எம்.எஸ்.பி.க்குச் சட்ட உத்தரவாதம். மூணு சட்டங்களைத் திரும்பப் பெற்றாங்க, அந்த உத்தரவாதம் மட்டும் இன்னும் வரலை. சி.எஸ். போட்ட தரையைப் பெயர்க்காதேன்னுதான் அந்த டிராக்டர்கள் அங்கே நின்னுச்சு. இதை ஒரு கார்டா போடுங்க. நல்லா ரீச் ஆகும்.

மிச்ச வாழ்க்கையை வேகமா சொல்லிடறேன். 1969 பிளவில் இந்திரா அம்மையார் பக்கம் நின்னு இடைக்காலத் தலைவர். 1971-ல் கிருஷ்ணகிரி எம்.பி., திட்டத் துறை, தொழில் துறை, அப்புறம் நிதி. கிராம வங்கிகள் 1975-ல் தொடங்கினது அவர் நிதியமைச்சரா இருந்தப்போ. எமர்ஜென்சியில் அமைச்சரா இருந்தாரேன்னு கேட்டா, ஆமாம் இருந்தார்னு சொல்லுங்க. மழுப்பாதீங்க. 1977-ல் நாடு அதுக்குத் தீர்ப்பு எழுதிடுச்சு. 1979-ல் சரண் சிங் ஆட்சியில் கொஞ்ச காலம் பாதுகாப்புத் துறை. 1990-ல் மகாராஷ்டிர ஆளுநர். 1998-ல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7-ல் மறைந்தார்.

கடைசியா வேலை விஷயம். ஜனவரி 30 காந்தியடிகள் நினைவுநாள் என்பதால் சி.எஸ். பிறந்தநாள் வருஷா வருஷம் அமுங்கிப் போகுது. இந்த முறை 29-ஆம் தேதி சாயங்காலமே பதிவு போயிடணும். புல்வெளியில் கோதுமை ஒரு கார்டு, ராஜினாமா ஒரு கார்டு, தஞ்சாவூர் எஃப்.சி.ஐ. ஒரு கார்டு. தேதியையும் எண்களையும் என்கிட்ட இருந்து வாங்கிக்கோங்க, வாட்ஸ்அப் பார்வர்டிலிருந்து எடுக்காதீங்க. போட்டோ போடும்போது ஐந்து ரூபாய் நாணயத்தையும் பக்கத்தில் வையுங்க.

சாப்பாடு தயாரா இருக்குன்னு பின்னாலேருந்து சைகை காட்டுறாங்க. கேள்விகளை அங்கேயே கேளுங்க.

ஜெய் ஹிந்த்.