வீட்டு வைஃபையும் வீட்டு மனிதரும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யான் விஞ்ஞானப் பட்டம் பெற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் குமாஸ்தாவாக ஊழியம் புரிபவன். எனினும், நம் காலனிக் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு வழக்கைக் குறித்துப் படித்தும் சோதித்தும் அறிந்தவற்றைக் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். வீட்டில் வைஃபை வலுக் குன்றுவதற்கு வீட்டு மனிதரும் தட்டுமுட்டுச் சாமான்களும் காரணமாவார்களா என்பதே அவ்வழக்கு.

இதனை அற்ப விஷயமென்று தள்ளிவிடுதல் ஆகாது. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் இருக்கின்ற பெற்றோரின் முகத்தைக் காட்டுவது அந்த அலையேயாகும். பிள்ளைகளின் பாடமும் அதன் வழியேதான் வருகின்றது. ஆதலின் அது தடைப்பட்டால் கோபம் பிறக்கின்றது. கோபம் பிறந்தவுடன் குற்றவாளியைத் தேடுகின்றோம். நான் அறிந்த ஓர் இல்லத்தில், கூடத்துச் சாய்வு நாற்காலியில் அமரும் எழுபது வயதுப் பெரியவரைப் பார்த்து, "தாத்தா, நீங்கள் குறுக்கே உட்காருவதால்தான் சிக்னல் வரவில்லை" என்றான் பேரன். அன்று முதல் அவர் தம் நாற்காலியைப் பின்புற வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டார். பேரன் கூறியது மெய்தானா?

வைஃபை என்பது வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தது. இதற்கான முதல் விதிமுறை 1997-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வரிசை அலைகள் வழங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் அதில் பாதியளவு. முன்னது சுவரைக் கடப்பதில் வல்லது. பின்னது வேகம் மிக்கது, ஆனால் சுவர் குறுக்கிட்டால் விரைவில் சோர்ந்துவிடும்.

இவ்வலைகள் மனித உடலைக் கடக்குமா? 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள், இவற்றினும் குறுகிய அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்ற வைத்துக் காட்டினார். அவ்வலைகள் இடையே இருந்த லெப்டினெண்ட் கவர்னரின் உடலையும் கடந்து சென்றன என்று அவர் வரலாற்றில் படிக்கின்றோம். ஆயினும், கடந்து செல்வது வேறு, குறையாமல் கடந்து செல்வது வேறு. நம் உடலில் பாதிக்கு மேற்பட்ட பங்கு நீராகும். நீர் இவ்வலைகளை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே ரூட்டருக்கும் கைப்பேசிக்கும் நேர் நடுவே ஒருவர் நின்றால், அவ்வழியே வரும் ஆற்றல் பாதியாகவோ அதனினும் குறைவாகவோ ஆகிவிடலாம்.

இதற்கு வேடிக்கையான சான்று ஒன்றுண்டு. விமானத்துக்குள் வைஃபை எவ்வாறு பரவுகின்றது என்பதைச் சோதிக்க விரும்பிய போயிங் கம்பெனியார், பயணிகளை நாள்கணக்கில் உட்கார வைக்க இயலாமையால், ஏறக்குறைய 9,000 கிலோ உருளைக்கிழங்கை மூட்டை மூட்டையாக இருக்கைகளில் ஏற்றிவைத்துச் சோதித்தனர். இச்செய்தி 2012-இல் வெளிவந்தது. நீர் நிறைந்த கிழங்கும் நீர் நிறைந்த மனிதனும் அலைக்கு ஏறத்தாழ ஒன்றே! குட்ஸ் ஷெட்டில் கிழங்கு மூட்டை எண்ணிப் பழகிய நம்மவர்க்கு இது நன்கு விளங்கும்.

அப்படியாயின் பேரன் வென்றானோ எனில், இல்லை. ரூட்டரிலிருந்து அலை ஒரே கோடாக வருவதில்லை. சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிப் பல வழிகளில் வந்து சேருகின்றது. ஒரு வழியில் ஒருவர் அமர்ந்திருந்தால் மற்ற வழிகள் திறந்தே உள்ளன. நல்ல நிலையிலுள்ள இணைப்பு, ஆற்றல் பாதியாயினும் தளராது. முன்னரே நலிந்து கிடக்கும் இணைப்புத்தான் ஒரு மனிதர் குறுக்கிட்ட மாத்திரத்தில் அறுந்துபோகும். எனவே அதனை நலியச் செய்தது எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதற் குற்றவாளி இரும்பு. பீரோவும் குளிர்சாதனப் பெட்டியும் அலையை ஏறக்குறைய முற்றிலும் திருப்பி அனுப்பிவிடும். நிலைக்கண்ணாடியின் பின்புறத்து உலோகப் பூச்சும் அவ்வாறே. அடுத்தது சுவர், பழைய குவார்ட்டர்ஸ்களின் கனத்த செங்கற் சுவரும், புதிய கட்டடங்களின் கம்பி வைத்த கான்கிரீட்டும் அலையைப் பெரிதும் குறைக்கின்றன. தண்ணீர் நிரம்பிய டிரம்மும் மீன் தொட்டியும் மனித உடலைப் போன்றே உறிஞ்சுகின்றன. மரக்கட்டிலும் திரைச்சீலையும் பெரிய தடையல்ல. மைக்ரோவேவ் அடுப்போ தடுப்பதன்று, குறுக்கே பேசுவது, அது 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குவதால், அது எரியும்போது 2.4 வரிசையில் இரைச்சல் உண்டாகும்.

இரண்டாவது குற்றவாளி நெரிசல். 2.4 வரிசையில் பல தடங்கள் இருப்பினும், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. அடுத்தடுத்த வீட்டு ரூட்டர்கள் யாவும் ஒரே தடத்தில் இயங்கினால், ஒற்றைத் தண்டவாளத்தில் பல வண்டிகள் காத்து நிற்கும் கதைதான். மாலையில் வேகம் குறைவதற்குக் காரணம், அநேகமாகக் கூடத்தில் அமர்ந்திருக்கும் மனிதரல்லர், அக்கம்பக்கத்து வண்டிகளே!

நான் கூறிய இல்லத்தில் ரூட்டர் எங்கிருந்தது தெரியுமா? இரும்பு பீரோவின் பின்னே, தரையை ஒட்டிய முக்காலியின் மீது! அதனை எடுத்துக் கூடத்தின் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே பொருத்தினார்கள். பெரியவர் தம் பழைய இடத்தில் அமர்ந்திருக்கும்போதே பேரனின் பாடம் தடையின்றி நடந்தது.

ஆகவே நான் வேண்டிக்கொள்வன இவை. ரூட்டரை வீட்டின் நடுவில், உயரத்தில், இரும்புக்கும் கண்ணாடிக்கும் விலகி வையுங்கள். அதே அறையில் பயன்படுத்துவோர் 5 வரிசையைக் கொள்ளுங்கள். தேர்வு எழுதும் பிள்ளையின் கணினிக்குக் கம்பி இணைப்பே கொடுத்துவிடுங்கள். கம்பிக்கு ஆளும் தெரியாது, பீரோவும் தெரியாது. அலையின் வலுவைக் காட்டும் செயலிகள் கைப்பேசிக்கு உண்டு. அவற்றில் மைனஸ் 50 என்பது நல்ல வலு, மைனஸ் 80 என்பது நலிவு. மூன்று எண் இறங்கினால் ஆற்றல் பாதியாயிற்று என்று பொருள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் நகர்த்திப் பார்த்தால் உண்மை தானே வெளிப்படும்.

இறுதியாக, நம் சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த வீடு எந்தத் தடத்தில் இயங்குகின்றது என்று குறித்து, அடுத்தடுத்த மூன்று வீடுகளுக்கு 1, 6, 11 எனப் பிரித்துக் கொடுக்கும் பணியை நம் இளைஞர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், செலவு ஏதுமில்லை. வங்காளியர் வீடாயினும் பீகாரியர் வீடாயினும், அலைக்கு மொழி வேற்றுமை இல்லையாதலால், அண்டை வீட்டாரையும் உடன் சேர்த்துக்கொள்ளுதல் அவசியம்.

பீரோவை நகர்த்தலாம்; பெரியோரை நகர்த்தலாகாது. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!