இரத்தத்தில் ஊறியதா?



மிருதங்கம் வாசிக்கக் கற்றவரை நாம் வித்வான் என்கிறோம். அதைச் செய்யக் கற்றவரை என்னவென்று அழைக்கிறோம்? பெரும்பாலும் "தோல் வேலை செய்கிறவர்" என்பதோடு முடிந்துவிடும். கொஞ்சம் தாராளமானவர்கள், "அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது" என்பார்கள். இந்தப் பாராட்டைத்தான் இன்று நாம் விசாரிக்க வேண்டும்.

இரத்தத்தில் எந்தத் தொழிலும் ஊறுவதில்லை. தோல்தான் ஊறுகிறது, தண்ணீரில். பட்டறைக்கு வரும் பையன் முதலில் செய்வது அதைத்தான்: ஊறவைப்பது, மயிர் சுரண்டுவது, கல் இடிப்பது. மாடு, ஆடு, எருமை என மூன்று தோலும் ஒரு மிருதங்கத்துக்கு வேண்டும். எது எங்கே, எவ்வளவு தடிமன் என்பதை விரலால் தடவியே சொல்லப் பழக வேண்டும். எருமைத்தோலில் வார் அறுக்கும்போது கை கொஞ்சம் விலகினால் வார் அந்த இடத்தில் மெலிந்துவிடும். இழுத்துக் கட்டும்போது அறும். வலந்தலையில் கரணை வைப்பது இன்னும் கடினம். கிட்டங்கல் தூளைச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் வழுவழுப்பான கல்லால் தேய்த்துக் காயவைத்து, அதன்மேல் அடுத்தது. ஈரம் மிஞ்சினால் பெயரும். கனம் மிஞ்சினால் நாதம் அடங்கும். எப்போது நிறுத்துவது? தட்டிப் பார்த்துக் காதுதான் சொல்ல வேண்டும். அந்தக் காது வாய்ப்பதற்குள் எத்தனை தோல் கெட்டிருக்கும், எத்தனை திட்டு வாங்கியிருப்பான்! வாசிப்பவர் "இன்னும் கொஞ்சம் இனிமை வேண்டும்" என்பார். அந்த ஒற்றைச் சொல்லைத் தோலின் தடிமனாகவும் கரணையின் கனமாகவும் மாற்றத் தெரிந்தவர் வித்வான் இல்லையா?

பாலக்காடு மணி ஐயர் 1966-இல் சங்கீத கலாநிதி, 1971-இல் பத்மபூஷண். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த தஞ்சாவூர் பர்லாந்துவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தத் தொழிலாளர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். 2020-இல் அதன் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. சர்ச்சைக்குரியவற்றைத் தொடுகிறது, அரசியல் சாயல் இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். மாட்டுத்தோல் மேடையில் ஒலிக்கலாம். எங்கிருந்து வந்தது என்று எழுதினால் அரசியல்!

இன்னொன்றையும் ஒளிக்காமல் பேச வேண்டும். நம் பிள்ளைகள் பலர் பட்டறையை விட்டுப் போகிறார்கள். போகட்டும் என்றுதான் நாம் சொல்வோம். சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். 'கலையைக் காப்பாற்று' என்று சொல்லி அந்த நாற்றத்தையும் அவமானத்தையும் நம் தலையிலேயே கட்ட யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் பையன் போகும்போது அவன் தாத்தாவின் காதும் கூடவே போய்விடுகிறது. அந்த வலி நமக்குத்தான்.

அதனால் கேட்கிறோம். இசைக் கல்லூரியில் மிருதங்கம் வாசிக்கக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறார். செய்யக் கற்பிக்கவும் அதே பதவிப் பெயரில், அதே சம்பளத்தில் ஓர் ஆசிரியரை நியமியுங்கள். பட்டம் கேட்காதீர்கள், அவர் செய்த மிருதங்கத்தைத் தட்டிப் பாருங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் உட்கார்ந்து எருமைத்தோலில் மயிர் சுரண்டட்டும்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "யார் வருவார்கள்?" என்றார். யார் வருகிறார்கள் என்று பார்க்கத்தான் நாமும் கேட்கிறோம்.