எட்டு நிபந்தனைகள்



விசு இயக்கிய 'மணல் கயிறு' 1982-ல் வந்தது. எஸ்.வி.சேகர் எட்டு நிபந்தனை போட்டுப் பெண் தேடுவார். நாரதர் நாயுடுவாக வரும் விசு, எல்லாம் பொருந்துது என்று புளுகிக் கல்யாணத்தை முடித்துவிடுவார். பிறகு பார்த்தால் எட்டில் ஒன்றும் தேறாது!

சமீபத்தில் மறுபடி பார்த்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பட்டியல் மாப்பிள்ளை கையில் இருக்கு; பெண்ணுக்கும் ஒன்று இருந்தால்?

2016-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் நிபந்தனை போடுவது அவருடைய மகள். பட்டியல் பெண் கைக்கு வர 34 வருஷம்!

நம்ம பாவூர்சத்திரம் பக்கம் எப்படி? அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசு நகையாகிறது. மகள் இரண்டாம் வருஷம் படிக்கும்போதே, "நல்ல இடம் வந்திருக்கு, விட்டா கிடைக்குமா?" என்கிறார்கள். பயத்தில்தான் சொல்கிறார்கள், அவர்கள் மேல் கோபம் வேண்டாம்.

ஆனால் தங்கைகளே, எட்டு வேண்டாம், ஒன்றே ஒன்று போடுங்கள்: "பட்டம் வாங்குன பிறகு பேசலாம்மா." சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க; விட்டுக் கொடுக்காமச் சொல்லுங்க.