நம் குடும்பத்துப் படைவீரர்கள்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் வீடுகள் பலவற்றில் பட்டாளத்து உடையணிந்த பாட்டனார் படம் ஒன்று சுவரை அணி செய்கிறது. பொங்கல் வந்தால் அதைத் துடைத்து, பொட்டிட்டு, மாலை சார்த்துகிறோம். நல்ல வழக்கமே. ஆயினும், அவர் எந்தப் படைப்பிரிவில் பணியாற்றினார், எந்நாட்டிற்குச் சென்றார் என்று பிள்ளைகள் வினவினால் நம்மில் பலர் விடையின்றி நிற்கிறோம்.

போரில் வீழ்ந்தோர்க்குக் கல் நட்டுப் போற்றுவது தமிழர் மரபு. செங்கம் வட்டாரத்து நடுகற்கள், பல்லவர் காலத்திலேயே வீரனின் பெயரும் செயலும் கல்லில் ஏறியதற்குச் சான்று பகர்கின்றன. முதல் உலகப்போருக்குப்பின் ஆங்கில ஆட்சியினர் சிற்றூர்களில் பதித்த கற்களோ, இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற அளவில் நின்றுவிட்டன. இராக் நாட்டின் பாஸ்ரா நினைவுச் சின்னம் 40,000க்கும் மேற்பட்டோருக்கு உரியது. அங்கும் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இத்தகைய வேறுபாட்டிற்காகப் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021ஆம் ஆண்டில்தான் மன்னிப்புக் கோரியது.

பெயர் நின்றால் என்ன பயன் என்று கேட்பீர்களாயின், மராட்டிய மண்ணைப் பாருங்கள். 1818 ஜனவரி 1ஆம் நாள் பீமா ஆற்றங்கரைக் கோரேகானில் கும்பினிப் படையில் நின்று போரிட்டு மாண்ட மகர் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள தூணில் உள்ளன. பின்னர் 1890களில், போர் மரபினர் அல்லர் என்று கூறி அவ்வகுப்பினருக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது. அக்கூற்றுக்கு அத்தூணே மறுமொழியாய் நின்றது. 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்குச் சென்று மரியாதை செலுத்தினார். 1941இல் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. யாருடைய ஆட்சிக்காக அவர்கள் போரிட்டனர் என்ற வினா வேறு. அவர்தம் ஆற்றலை மறுக்க எவராலும் இயலாது.

அண்ணலின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் விளங்கியவர். ஊர்ப்பள்ளி நம்மை விலக்கிய காலத்தில் படைப்பள்ளி எழுத்தறிவித்தது. அவ்வெழுத்தைத் தந்தை மகனுக்கு அளித்தார். தென்னாட்டிலும் சென்னைப் படையில், சிறப்பாகப் பாலமும் பாதையும் அமைக்கும் சாப்பர் பிரிவில், நம் முன்னோர் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர்.

நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மூதாட்டியார் முந்தானையில் முடிந்திருந்த வெள்ளிப் பதக்கத்தை அவிழ்த்துக் காட்டினார். வறுமை மிகுந்தபோதும் தட்டாரிடம் உருக்கக் கொடாமல் காத்தாராம். அதன் விளிம்பில் சிறிய ஆங்கில எழுத்துகள் இருந்தன. எட்டாம் வகுப்பில் பயின்ற அவர் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள். எண், பெயர், படைப்பிரிவு. தம் தந்தையின் பெயர் அதில் இருப்பதை அம்மையார் அன்றுதான் அறிந்தார். பலமுறை அப்பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக் கண்ணீர் உகுத்தார்.

ஆகவே, இளைஞர்களே! இவ்விழாவையொட்டி ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குறிப்பேடு தொடங்குவீர்களாக. வீரரின் பெயர், படை எண், பிரிவு, சேர்ந்த ஆண்டு, விடுவிக்கப்பட்ட ஆண்டு, சென்ற நாடுகள் ஆகியவற்றை எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கறையானுக்கு விடாதீர்கள். பதக்கத்தை எழுத்துத் தேயும்படி துலக்காதீர்கள். மணியார்டரை எதிர்நோக்கிக் குடும்பம் காத்த பாட்டிமாரின் பெயரையும் அவ்வேட்டில் சேருங்கள். முதியோர் வாய்மொழியை அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதுங்கள்.

கல்லில் எண்ணாக நின்றவர்களுக்குப் பெயரளிப்பது, கற்ற பேரப்பிள்ளைகளின் கடன். அக்கடனைத் தீர்ப்பீர்கள் என நம்பி அமைகிறோம்.