குடியிருக்கத் தக்க ஊர்

படிப்பு முடிகிறது, வேலை கிடைக்கிறது, நியமன உத்தரவு வருகிறது. அந்த உத்தரவில் ஊரின் பெயர் இருக்கும், சேர வேண்டிய நாள் இருக்கும், சம்பளமும் இருக்கும். எந்த இடத்தில் குடியிருப்பது என்பது மட்டும் அதில் இராது. அதை நாமேதான் தீர்மானிக்க வேண்டும். இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் உங்களில் பலர் சில ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எதிர்நோக்கப் போகிறீர்கள். பழகிய மாவட்டத்தை விட்டுப் பழகாத மாவட்டத்திற்குப் போகும்போது, கைக்கு அடங்கிய செலவில், மனத்திற்கு இசைந்த இடத்தைத் தேடிக்கொள்வது எப்படி? பொதுவாகப் பேசினால் இது அறிவுரையாகப் போய்விடும். ஆகவே நான் நன்கு அறிந்த ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அது பண்ருட்டிக்கும் வடலூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ள காடாம்புலியூரும், அதைச் சுற்றியுள்ள கடலூர், நெய்வேலி, சிதம்பரம் பகுதிகளும் ஆகும்.

இவ்வட்டாரத்தில் இடம் தேர்ந்தெடுத்தவர்களின் கதை பழமையானது. 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் சேரும் என்பது ஒப்பந்தம். தொலைதூரம் சுடவல்ல பீரங்கியைக் கொண்டுவந்து நான்கு புறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்கு உட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் கடலூருக்கு அருகில் இன்றும் வழங்குகிறது. அந்த ஊர்களில் வாழ்ந்தவர்களை யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. நம்மிடம் பீரங்கி இல்லை, இருக்கவும் வேண்டாம். நமக்கு வேண்டியவை வேறு அளவுகோல்கள். நீர், மேடுபள்ளம், தொலைவு, ஆவணம், அக்கம்பக்கம் என்று அவற்றை ஐந்தாகச் சொல்லலாம்.

தாமிரபரணிக் கரையிலிருந்து ஆசிரியர் வேலைக்காக நான் இந்தப் பக்கம் வந்தேன். மனைவி, இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியால் அதிகம் நடக்க இயலாத தாயார் ஆகியோரை உடைய குடும்பம், சம்பளமோ ஒன்றே. வாடகை கூடினால் குழந்தைகளின் படிப்புச் செலவில் இடிக்கும். ஊர் ஒதுக்குப்புறமானால் தாயாரின் மருத்துவத்தில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைக் காண வேண்டியிருந்தது.

முதலில் கடலூரைப் பார்த்தேன். மாவட்டத் தலைநகர், ரயில் உண்டு, கடற்காற்று உண்டு, கல்லூரிகளும் அரசு மருத்துவமனையும் உண்டு. ஆனால் தென்பெண்ணையும் கெடிலமும் கடலைச் சேரும் இடம் அது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தேவனாம்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி ஆற்றோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. ஆகவே கடலூரில் வீடு தேடுபவர் கடலூர் என்று பொதுவாகத் தேடக்கூடாது. ஆற்றிலிருந்தும் கடலிலிருந்தும் எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம் என்று தெருத்தெருவாகப் பார்க்க வேண்டும்.

அடுத்தது சிதம்பரம். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்நகருக்குப் படிப்பின் வாசனையைக் கொடுத்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கு உண்டு. முதியவர்களுக்கும் மாணவர்களுக்கும் மிகவும் ஏற்ற ஊர். ஆயினும் வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓட, நடுவே தாழ்ந்து கிடக்கும் சமவெளி அது. ஐப்பசி, கார்த்திகையில் நீர் வடிய நேரமாகும். அதன் கிழக்கே பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன. ஆழிப்பேரலையின்போது மரக்கூட்டத்தின் பின்னால் இருந்த ஊர்கள், திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவாகச் சேதமடைந்தன என்று இம்மாவட்டக் கரையை ஆராய்ந்தவர்கள் 2005இல் எழுதினார்கள். மரம் அழகுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது போதிய சான்று.

மூன்றாவது நெய்வேலி. 1930களில் இப்பகுதியில் நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் தோன்றியது; 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்; 1962இல் மின்சாரம் பிறந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். அவர்களுக்காக எண்ணிட்ட வட்டங்களாக, அகன்ற வீதிகளும் மரநிழலுமாக ஒரு நகரியம் எழுந்தது. நடந்து போகவே இன்பமான ஊர் அது. ஆனால் அங்குள்ள வீடு வேலையைச் சேர்ந்தது. ஓய்வு பெறுகிறவர் வீட்டைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். அப்பொழுதுதான் பலர், முப்பது ஆண்டு கழித்து, எங்கே குடியிருப்பது என்ற கேள்வியை முதன்முறையாகக் கேட்கிறார்கள். சிலர் வடலூரில், சிலர் கடலூரில், சிலர் பண்ருட்டிப் பக்கம் மனை தேடுகிறார்கள். இளமையில் கேட்க வேண்டிய கேள்வியை முதுமைக்குத் தள்ளிவைக்கலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இவற்றின் நடுவே இருக்கிறது காடாம்புலியூர். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சை செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. செம்மண் பூமி, முந்திரித் தோப்பும் பலா மரமும் நிறைந்த பூமி. கோடையில் பலாப்பழ மணம் சாலைவரை வரும். சாலையோரக் கடைகளில் முந்திரிப் பருப்பு குவிந்திருக்கும். வீட்டுத் திண்ணைகளிலும் கொட்டகைகளிலும் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைப்பார்கள். கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். கொட்டையை வறுக்கும் இடத்தின் அருகே புகை கண்ணை எரிக்கும். ஊர் அழகாக இருக்கிறது என்று சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர் வறுக்கும் சாலைக்குப் பக்கத்து வீட்டைக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறதே என்று பிடிக்கலாகாது.

நான் அங்கே வீடு பார்க்கச் சென்றது சித்திரை மாதத்தில். கொட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம், “இந்தத் தெரு நல்ல தெருவா, அம்மா?” என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே, “வெயில்ல எல்லாத் தெருவும் நல்ல தெருதாங்க ஐயா. ஐப்பசியிலே வந்து பாருங்க” என்றார். வீடு தேடுவதைப் பற்றி நான் கேட்ட சொற்களுள் இதற்கு மேலான சொல் இல்லை. இம்மாவட்டத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. அந்த மூன்று மாதத்தில் ஓர் ஊர் எப்படி இருக்கிறது என்பதே அந்த ஊரின் உண்மை முகம்.

கடலிலிருந்து விலகிய மேட்டு நிலம்தானே, இங்கே என்ன வந்துவிடும் என்று எண்ணலாம். வந்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. கூரை வீடுகளும் தகர வீடுகளும் திறந்த வெளியாயின. 2015 நவம்பரில், பண்ருட்டிப் பகுதியைச் சேர்ந்த விசூர், பெரியகாட்டுப்பாளையம் ஆகிய ஊர்களில் ஓடை பெருகி வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்தது. அவை கடற்கரை ஊர்களல்ல. ஆகவே ஆற்றை மட்டும் பார்ப்பது போதாது. கோடையில் வறண்டு, வண்டிப் பாதை போலக் கிடக்கும் ஓடையையும் பார்க்க வேண்டும். மண் செம்மண்ணாக இருந்தாலும் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

அடுத்து நிலத்தடி நீர். நெய்வேலி நிலக்கரிப் படுகையின் கீழே அழுத்தத்தோடு கூடிய நீர்த்தேக்கம் ஒன்று உள்ளது. அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடாமல் இருக்க இரவும் பகலும் நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். ஆகையால் இப்பகுதியில் வீடு பார்ப்பவர், குழாயைத் திறந்து நீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக்கூடாது. கிணறு எத்தனை அடி, சித்திரை, வைகாசியில் நீர் எங்கே நிற்கும், ஊராட்சிக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வரும் என்று மூன்று வீட்டில் கேட்க வேண்டும். மூவரும் ஒன்றே சொன்னால் நம்பலாம்.

இனித் தொலைவு. குறைந்த வாடகை எப்பொழுதும் குறைந்த செலவாகாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நகரத்தில் வாடகை 9,000 ரூபாய், கிராமத்தில் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 4,000. வேலைக்கும் படிப்புக்குமாக இருவர், நாளொன்றுக்கு ஆளுக்கு 60 ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுத்து 26 நாள் நகரத்திற்குப் போய்வந்தால் செலவு 3,120. உண்மை மிச்சம் 880 ரூபாய்தான். போக வர ஆளுக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 104 மணி நேரம் பயணத்தில் போகிறது. ஒரு மணி நேரத்தை எட்டரை ரூபாய்க்கு விற்றதாக முடிகிறது! அதே குடும்பத்திற்கு வேலையும் பள்ளியும் கிராமத்திற்குப் பக்கத்திலேயே அமைந்தால், நாலாயிரமும் மிச்சம். நூறு மணி நேரமும் மிச்சம். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்ட பிறகு இக்கணக்கு பல குடும்பங்களுக்கு மாறியது. ஊர் மலிவா அன்றா என்பது அந்த ஊரைப் பொறுத்தது மட்டுமன்று; உங்கள் பகற்பொழுது எங்கே கழிகிறது என்பதைப் பொறுத்தது.

நான் பணியாற்றிய பள்ளி காடாம்புலியூருக்கு அண்மையில் இருந்தது. தாயாருக்குப் பண்ருட்டி மருத்துவமனை ஒரே பஸ்ஸில் எட்டியது. இந்த இரண்டும் இல்லாவிடில் பலா மரத்தின் நிழலுக்காக மட்டும் அங்கே குடியேறியிருக்க மாட்டேன். நெடுஞ்சாலையோரத்து வீட்டை விட்டு, உள்தெருவில் சற்றே உயர்ந்த தளமுள்ள வீட்டை எடுத்துக்கொண்டோம். சாலையின் வசதி வேண்டும். அதன் இரைச்சலும் ஆபத்தும் குழந்தைகளுக்கு வேண்டா.

ஆவணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வாடகைக்கு வருபவர் வாய்ப்பேச்சை நம்பி நுழையக்கூடாது. தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக்கூடாது என்றும் சொல்கிறது. மனை வாங்குபவர் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்க்க வேண்டும். இவற்றை அரசின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். அனுமதி பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016இல் தடை வந்தது; முன்பே விற்றுப்போன மனைகளை வரன்முறை செய்ய 2017இல் விதிகள் வந்தன. வண்ணக் கொடி கட்டி, கல் நட்டு, மோர் கொடுத்து விற்கும் மனைக்கெல்லாம் அனுமதி உண்டென்று எண்ண வேண்டா. கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் இல்லை.

கடைசியாக ஒன்று. நாம் இடம் தேடும் இதே மண்ணில், தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாமல் இடம் பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சுரங்கத்திற்காக வீட்டையும் வயலையும் கொடுத்த கிராமத்தார் அவர்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக, நின்ற பயிரின் ஊடே இயந்திரங்கள் சென்றதை நாடே பார்த்தது. நம் வீட்டில் எரியும் விளக்குக்கும் அந்த வயலுக்கும் தொடர்பு உண்டு. அவர்களில் பலர் இன்று நம் அண்டை வீட்டார். புதிதாகக் குடியேறுகிறவர் கொடுக்கும் வாடகை ஏற ஏற, அந்த ஊரிலேயே பிறந்தவருக்கு வீடு கிடைப்பது அரிதாகும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பேரம் பேசத் தெரியாமல் கேட்டதைக் கொடுப்பது பெருந்தன்மையாகத் தோன்றலாம். அடுத்து வரும் ஏழைக்கு அது சுமையாகிவிடும்.

ஆகவே, இளைஞர்களே, வேலை உத்தரவு கையில் வந்ததும் அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதம் சிறிய அறையில் இருந்து ஊரைப் பாருங்கள். மழையில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் தெருக்களில் நடந்து பாருங்கள். 2015இல் நீர் எதுவரை வந்தது, 2011இல் எந்த மரம் விழுந்தது என்று கேளுங்கள். சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு அந்த ஊரில் முன்பே நாலு பேரைத் தெரிந்திருக்கும். நல்ல தண்ணீர், நல்ல மேடு, நல்ல ஆவணம் ஆகியவற்றோடு, இரவில் அவசரமென்றால் கதவைத் தட்டக்கூடிய நாலு வீடும் சேர்ந்துவிட்டால், அதுவே குடியிருக்கத் தக்க ஊர்.