பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

(கடம்பூரில் நம் சங்கத்து மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாதர் கூட்டத்தில் ஓர் ஆடவன் பேச எழுவது அத்துணைப் பொருத்தமன்று என்பதை யான் அறிவேன். எனினும், பெண்டிரின் நடுவயதைக் குறித்துச் சில சொல்லுக என்று சங்கத்தார் பணித்தனர். தமிழாசிரியன் ஆதலின் நூல்வழியே தொடங்குகின்றேன். பிழையிருப்பின் தாய்மார் பொறுத்தருள்க.

உலா என்னும் பிரபந்தத்தில், தலைவன் வீதியிற் பவனி வருங்கால் அவனைக் கண்டு காதல் கொள்ளும் மகளிரை ஏழு பருவத்தினராகப் பகுத்துப் பாடுதல் மரபு. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக அமைந்த அவ்வேழற்கும் வயதெல்லை கூறுவதில் பாட்டியல் நூல்கள் சிறிது வேறுபடினும், பேதைக்கு 5 முதல் 7 என்றும், பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 என்றும் கொள்வது பெருவழக்கு. நாற்பதோடு கணக்கு முடிந்தது. நாற்பத்தொன்றில் அடியெடுத்து வைக்கும் மாதுக்கு யாது பெயர்? நூலில் இல்லை. ஆடவர்க்கோ எனின், முப்பதைக் கடந்தவனை முதுமகன் என்று பன்னிரு பாட்டியல் பெயரிட்டு வைத்துள்ளது. என் போன்றார்க்கு அவ்வளவேனும் கிடைத்தது!

இப்பகுதியைப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டு பாடஞ் சொல்லியிருக்கின்றேன். மேற்கூறிய வினா ஒருநாளும் எனக்குத் தோன்றிற்றில்லை. ஓர் இரவு மறுநாட் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அருகே உளுந்து புடைத்துக்கொண்டிருந்த என் இல்லாள், "அப்படின்னா நான் யாரு?" என்றாள். அவளுக்கு வயது 43.

உலா காதற்பொருளைப் பாடும் நூல்; ஆதலின் அதன்மேற் குறைகூறுவது முறையன்று என்பாரும் உளர். அதுவும் உண்மையே. ஆயினும் கதைவழக்கினையும் நோக்குமின். ஔவையார், மணவினைக்குத் தப்ப வேண்டிப் பிள்ளையாரிடம் முதுமையை வரமாகப் பெற்றார் என்று நாம் குழந்தைகளுக்குக் கதை சொல்கின்றோம். அதியமானைப் பாடிய சங்கத்து ஔவையார் மூதாட்டி என்பதற்குச் சான்றில்லை. ஔவையார் எனப் பெயர் பெற்றோர் ஒருவரல்லர் என்பதும் ஆராய்ச்சியாளர் துணிபு. எனினும் ஒரு பெண் தனியே வழிநடந்து, மன்னரவையில் அஞ்சாது பேச வேண்டுமாயின், அவளை முதலிற் கிழவியாக்கிவிட வேண்டுமென்று நம் மக்கள் கருதியிருக்கின்றனர். காரைக்காலம்மையாரோ பேயுருவையே வேண்டிப் பெற்றார். இளமைக்கும் முதுமைக்கும் இடையே நிற்கும் பெண்ணுக்கு நம் கற்பனை இடமளிக்கவில்லை.

வாழ்க்கை அங்ஙனம் அன்று. நாம் விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டையொட்டி இந்நாட்டிற் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. குழவிப் பருவத்தே இறந்தோர் மிகுதியாதலின் அத்தொகை அவ்வளவு குறைந்து நின்றது. இன்று அது 70-ஐ ஒட்டி நிற்கின்றது. நாற்பதை எட்டிய மாதுக்கு முன்னே முப்பதாண்டுகளுக்குக் குறையாத காலம் கிடக்கின்றது. அத்துணைக் காலத்தையும் பெயரில்லாமற் கழிப்பதோ?

சிவகங்கை வேலு நாச்சியாரைப் படங்களில் எழுதுவோர் இளமங்கையாகவே பெரும்பாலும் எழுதுகின்றனர். அவர் பிறந்தது 1730. காளையார்கோவிற் போரிற் கணவர் முத்துவடுகநாதர் மடிந்தது 1772. அப்போது அரசியார்க்கு வயது 42. மகளோடு விருப்பாட்சிக்குச் சென்று தங்கி, ஐதர் அலியின் துணையை நாடி, எட்டாண்டு படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டபோது அவர் ஐம்பதை எட்டியிருந்தார். அவர் தம் பெருஞ்செயல் முழுதும் பாட்டியலார் கணக்கை முடித்த வயதுக்குப் பின்னரே நிகழ்ந்ததாகும். அம்முகத்தில் நரையைத் தீட்ட ஓவியர் ஏன் கூசுகின்றனரோ, யான் அறியேன்.

புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரும் (1886–1968) அத்தகையரே. சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக 1927-இல் அமர்ந்தபோது அவர் நாற்பதைக் கண்டவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை மறவாது, 1954-இல் அடையாற்றிற் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தபோது அவர்க்கு அறுபத்தெட்டாம் வயது நடந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் வெளிவந்தது அவர் ஐம்பதைக் கடந்த பின்னரே.

மருத்துவரைக் கூறியதால் ஒன்று சொல்லத் துணிகின்றேன். ஆடவர் சற்றே பொறுக்க. நம் பெண்டிர்க்குப் பெரும்பாலும் 45-க்கும் 50-க்கும் இடையே மாதப்பூப்பு நிற்கின்றது. உடல் திடீரென வெப்பங் கொள்ளும், உறக்கம் கெடும், காரணமின்றிக் கண்ணீர் வரும். வீட்டார் இதனைச் சிடுசிடுப்பு என்று பழிக்கின்றனர். அவளோ வாய்திறவாள். பூப்பு நின்று ஓராண்டு கடந்தபின் மீண்டும் உதிரம் கண்டால், அது சிறிதே ஆயினும், உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அது புற்றுநோயின் அறிகுறியாகவும் இருத்தல் கூடும். நாணத்தால் மறைத்துக் காலங்கடந்து சென்றவர்களை நம் உறவினுள்ளேயே கண்டிருக்கின்றோம். பெயர் சொல்ல வேண்டுவதில்லை. அவரவர் இல்லத்தில் நினைவிருக்கும்.

நம் கரிசலிற் பருத்தி ஐப்பசி மழைக்கு முளைப்பினும், வெடித்து வெண்மை காட்டுவது மழை ஓய்ந்து திங்கள் சில கழிந்த பின்னரே. மண் தேக்கிவைத்த ஈரமே அதனை வளர்க்கின்றது. இதனை அறிந்த நாமே, மகளுக்கு மணமானதும் தாயை நோக்கி, "இனி இந்த நிறச் சேலை எதற்கு?" என்கின்றோம். கணவனை இழந்தவளாயின் மணப்பந்தலிற் பின்னே நிற்க வைக்கின்றோம். நம் சங்கத்தார் இல்லத் திருமணங்களிலேனும் அவளை முன்னழைத்து ஆசி பெறுக என்பது என் விண்ணப்பம். இதற்குத் தீர்மானம் வேண்டா; ஒரு வீட்டார் தொடங்கினாற் போதும்.

பிறரைக் குறைகூறும் யானும் குற்றமற்றவன் அல்லேன். என் இல்லாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாமா என்று அவள் மூன்றாண்டுகளுக்கு முன் கேட்டபோது, "பேரன் எடுக்கும் வயதில் என்ன படிப்பு?" என்று நகைத்தேன். நாள்தோறும் பிறர் மக்களைப் படி படி என்று அதட்டுகின்றவன் யான்! அவள் மறுமொழி கூறவில்லை, உள்ளே சென்றுவிட்டாள். "நான் யாரு?" என்று அவள் வினவிய இரவில்தான் அந்நகைப்பு எனக்குச் சுட்டது.

இப்போது விளக்கேற்றியபின் ஒரு நாழிகை படிக்கின்றாள். தமிழில் என்னையே சில இடங்களில் மடக்குகின்றாள். கணக்கில் மட்டும் அச்சம் என்கின்றாள். எனக்கும் அவ்வச்சம் உண்டு. ஆதலின் இங்குள்ளோரில் கணக்கு நன்கறிந்த தாய்மார் எவரேனும் இருப்பின், கூட்டம் முடிந்தபின் அவளைக் காண வேண்டுகின்றேன். மூன்றாம் வரிசையில், பச்சைச் சேலையில் அமர்ந்திருக்கின்றாள்.