இரு குழல், ஒரு பாட்டு



பறவை மிடற்றால் பாடுகிறது என்று கவிஞர்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். பறவைக்கும் மிடற்றில் குரல்வளை உண்டு. ஆயின் பாட்டு அங்கே பிறப்பதில்லை. மூச்சுக்குழல் நெஞ்சுக்குள் இறங்கி இரு கிளையாகப் பிரியும் கவட்டில் சிறியதோர் உறுப்பு இருக்கிறது. ‘சிரிங்ஸ்’ என்பது அதன் பெயர். கிரேக்கத்தில் இச்சொல் இடையரின் நாணற்குழலைக் குறிக்கும். அறிவியலார் இட்ட பெயர்களுள் கவிஞரும் பொறாமை கொள்ளத்தக்கது இது.

காற்றுப்பைகள் அழுத்தித் தள்ளும் மூச்சு அவ்வுறுப்பின் மெல்லிய மடிப்புகளை அதிரச் செய்கிறது, அவ்வதிர்வே ஒலியாகிறது. பாடும் பறவைகளுக்கு ஒவ்வொரு கிளையிலும் தனித்தனி மடிப்புகள், தனித்தனித் தசைகள். ஆகவே ஒரே பறவை இரு குரல்களை ஒருங்கே எழுப்ப வல்லது. வட அமெரிக்கச் செந்நிறப் பறவையாகிய கார்டினலின் திறம் இன்னும் நுட்பமானது. தாழ்ந்த சுரங்களை இடக்கிளையும், ஏறத்தாழ 3,500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை வலக்கிளையும் தருகின்றன. கீழிருந்து மேலே வழுக்கிச் செல்லும் ஒரே இழைப்பின் நடுவில் ஒன்று மூட, மற்றொன்று திறக்கிறது. ஒட்டிய இடம் செவிக்குப் புலப்படுவதில்லை. 2006இல் வெளியான ஆய்வொன்று எக்ஸ்ரே படங்களின் வழி மற்றொன்றையும் காட்டிற்று: தொண்டைக்குழியையும் உணவுக்குழலின் மேற்பகுதியையும் சுரத்துக்கேற்ப விரித்தும் சுருக்கியும் அப்பறவை ஒலியைத் தெளிவாக்குகிறது. மிடற்றைப் பாடியோர் முற்றிலும் பிழைபட்டாரல்லர்.

‘ஒரே மூச்சில் பாடுகிறது’ என்னும் வழக்குத்தான் நிற்காது. கேனரி பல நொடிகள் இடையறாது பாடுவதாகத் தோன்றும். உண்மையில் ஒலித்துண்டுகளுக்கு இடையே, நொடிக்கு 30 முறை வரையிலும், அது சிறுமூச்சு இழுத்துக்கொள்கிறது. யாப்பறிந்தோர்க்கு இச்செய்தி அயலாகாது.

இத்தனையும் பிறப்பிலேயே வாய்ப்பதன்று. வெண்முடிச் சிட்டுகளைக் கொண்டு மசக்கஸு கொனிஷி செய்த ஆய்வு 1965இல் வெளிவந்தது. மூத்த பறவையின் பாட்டைக் கேட்டிருந்தும், தாம் பாடிப் பழகுமுன் செவிப்புலன் நீக்கப்பட்ட சிட்டுகள் இயல்பான பாட்டை எய்தவில்லை. ஆசானைக் கேட்டது மட்டும் போதவில்லை; தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளுதல் வேண்டியிருந்தது. இளம்பறவைகளின் செவியைப் பறித்துப் பெற்ற அறிவு இது. நூல்கள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. பாட்டைப் போற்றும் அவை அத்துணை விரைவாகக் கடத்தற்கில்லை. ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா பிஞ்ச்சோ பாட்டை முழுதும் கற்றுத் தேறிய பின் செவி இழந்தாலும், வாரங்கள் செல்லச் செல்ல அதன் பாட்டு சிதைந்துபோகிறது.